சென்னையில் ட்ரெயில் ரன்னிங் தொடங்குவோருக்கு: இடம், அனுமதி, செலவு, நேரம்

தார்ச்சாலையில் ஏழு ஆண்டுகள் ஓடிய பிறகு ட்ரெயில் ரன்னிங்குக்கு, அதாவது மண்பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடுவதற்கு மாறலாம் என்று நான் முடிவெடுத்த நாளிலிருந்து, முதல் மலைப்பாதைப் பந்தயத்தை முடித்த நாள்வரை பதினான்கு மாதங்கள் ஆயின. கால்களைப் பழக்குவதற்கு அதில் நான்கு மாதங்கள் போதுமாயிருந்தன. மீதிப் பத்து மாதங்களும் எங்கே ஓடலாம், யாரிடம் கேட்க வேண்டும், எதை வாங்க வேண்டும், எதை வாங்கியிருக்கவே கூடாது என்று தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிப்பதில் கழிந்தன. அந்தப் பத்து மாதங்களை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடியவர், ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கியதில்லை என்று உங்களை எண்ணிக்கொள்கிறேன். அந்த ஐந்து கிலோமீட்டர் இன்னும் கைவரவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

1. கால் வைக்கக்கூடிய இடம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் காலணி வாங்குகிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை அது தலைகீழான வரிசை. இங்கே முதல் சிக்கல் நிலம்தான். நகரம் தட்டையானது, தென்புறத்தில் பரங்கிமலை, திரிசூலம், திருநீர்மலை, வண்டலூர் என்று சிறு குன்றுகள் உண்டு என்றாலும், அவற்றில் பச்சையாகத் தெரியும் பகுதிகளில் பெரும்பாலானவை வனத்துறையின் காப்புக்காடாகவோ, பாதுகாப்புத் துறையின் நிலமாகவோ, கைவிடப்பட்ட கல்குவாரியாகவோ இருக்கின்றன.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வேலி இல்லை, பலகை இல்லை, ஆடு மேய்ப்பவர் உள்ளே போகிறார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. அதன் பின் இந்தக் கண்காணிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

நான் விழுந்த பள்ளம் இதுதான். ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில், மற்றவர்கள் ஓடிய தடங்கள் சேர்ந்து ஒரு காட்டுக்குள் தெளிவான ஆரஞ்சுக் கோடாகத் தெரிந்தன. இத்தனை பேர் ஓடியிருக்கிறார்கள், ஆகவே ஓடலாம் என்று நானே ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உள்ளே போனேன். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு வனக்காவலர் மொபெட்டை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கத்தவில்லை. பெயரையும் ஆதார் எண்ணையும் குறித்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். எனக்கு முன்னால் பலர் ஓடியிருப்பதைக் கைப்பேசியில் காட்டினேன். "சார், நேத்து பத்து பேர் இந்த வழியா போனாங்கன்னா, நேத்து நான் இந்தப் பக்கம் வரலைன்னு அர்த்தம்" என்றார். செயலியில் கோடு இருப்பது ஒருவர் பிடிபடவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும், அது யாருடைய நிலம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். காப்புக்காடு என்றால் அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் நாள், நேரம், நபர்களின் பெயர், அடையாள அட்டை நகல், செல்லும் பாதையின் வரைபடம் ஆகியவை இருக்கட்டும். ஒற்றை ஆளின் காலை ஓட்டத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று நம்பி மட்டும் எதையும் திட்டமிடாதீர்கள். நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் பதில் வரவில்லை.

காட்டுப் பாதைகளைச் சட்டப்படி பார்க்க இன்னொரு வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்து, பாதைக்கேற்ற கட்டணம் செலுத்தினால், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உங்கள் குழுவை அழைத்துச் செல்வார். இது குழுவாக நடப்பதற்கான திட்டம். வழிகாட்டியை விட்டு முன்னால் ஓடிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஆனாலும் கற்களும் வேர்களும் நிறைந்த பாதையில் உங்கள் கணுக்கால் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய, சென்னைக்கு அருகில் பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த கூடியம் குகைப் பாதையில் ஒரு நாள் நடந்து பார்ப்பது நல்ல முதலீடு. காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இந்தப் பாதைகள் மூடப்படும் என்பதை நினைவில் வையுங்கள்; பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் பலர் அந்த இரண்டு மாதங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஏமாறுகிறார்கள்.

நாகலாபுரம், தடா என்று நண்பர்கள் சொல்லும் மலைகள் ஆந்திரத்தில் உள்ளன. அங்கே தமிழ்நாட்டின் அனுமதி எதுவும் செல்லாது. அம்மாநில வனத்துறையைத்தான் கேட்க வேண்டும்.

2. ஏரிக்கரையில் தொடங்குங்கள்

சென்னையின் உண்மையான ட்ரெயில் ஏரிக்கரைதான். தாம்பரம், மேடவாக்கம், ஆவடி, அம்பத்தூர், செங்குன்றம் என்று எந்தப் பக்கம் இருந்தாலும், உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டருக்குள் ஓர் ஏரி இருக்கும். அதன் கரையில் மண்பாதையும் பெரும்பாலும் இருக்கும். செம்பரம்பாக்கம், புழல் போன்ற குடிநீர் ஏரிகளின் கரையில் காவல் உண்டு. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது யாரையும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே ஊர் ஏரி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

முதல் முறை ஓடப் போகாதீர்கள். வெளிச்சத்தில் நடக்கப் போங்கள். கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மதகு எங்கே, மிகைநீர் வழிந்தோடும் கலங்கல் எங்கே, நாய்கள் எந்த வீட்டருகே படுத்திருக்கின்றன, கருவேலங்கிளை எந்த இடத்தில் முகத்துயரத்துக்கு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். கலங்கலின் மேல் பாசி படிந்த கற்களில் ஓடவே கூடாது. எவ்வளவு பிடிப்புள்ள காலணியும் அங்கே வழுக்கும். எதிரே வரும் மாடுகளுக்கு வழிவிட்டு, கரையின் ஊர்ப்பக்கச் சரிவில் இறங்கி நில்லுங்கள். தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கினால் பதித்த கற்களுக்கிடையே கால் சிக்கும்.

மலையில்லாத ஊரில் ஏற்றப் பயிற்சிக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு எளிது. கரை தரையிலிருந்து 6 மீட்டர் உயரம் என்றால், ஊர்ப்பக்கச் சரிவில் இருபது முறை ஏறி இறங்கினால் 120 மீட்டர் ஏற்றம். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு தளம் ஏறத்தாழ 3 மீட்டர்; பத்து மாடிகளை இருபது முறை ஏறினால் 600 மீட்டர். மின்தூக்கியில் இறங்காமல் படியிலேயே இறங்குங்கள், ஏனெனில் மலைப்பாதையில் தொடையை உடைப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். குடியிருப்புச் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. காலை ஐந்து மணிக்குப் படிக்கட்டில் மூச்சிரைக்கும் ஓசை கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வேறு எண்ணங்கள் தோன்றும்.

பரங்கிமலை ஏறத்தாழ 90 மீட்டர் உயரம். தேவாலயத்துக்கு ஏறும் சாலையில் ஓடலாம். திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஆனால் அது வழிபாட்டுக்கான படி. காலணியைக் கீழே விட்டுவிட்டு, பக்தர்களோடு பக்தராக நடந்து ஏறி, நடந்து இறங்குங்கள். காலணியோடு கோயில் படிகளில் ஓடிய சிலரால் பின்னால் வருபவர்கள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை ஏற்கெனவே இருக்கிறது.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை கடற்கரைகளில் மணலில் ஓடுவது கணுக்காலுக்கு நல்லது. கடல் உள்வாங்கிய நேரத்தில் ஈரமணலில் இருபது நிமிடங்களுடன் தொடங்குங்கள். காய்ந்த மணலில் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடினால் குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும். எனக்கு மூன்று வாரங்கள் போயின.

3. காலணியை இந்த ஊர் முள்ளை நினைத்து வாங்குங்கள்

மழை, பனி, சேறு என்று குளிர்நாடுகளை எண்ணி எழுதப்பட்ட பரிந்துரைகளைப் படித்துவிட்டு நீர்புகாக் காலணி வாங்கினேன், 11,000 ரூபாய். சென்னையில் அதற்குள் வெளியிலிருந்து தண்ணீர் வருவதற்கு முன்பே உள்ளிருந்து வியர்வை நிரம்பிவிடுகிறது. கணுக்கால் அளவு தண்ணீரில் ஒருமுறை இறங்கினால் மேல்வழியாகப் புகுந்த நீர் வெளியேறாமல் உள்ளேயே சளசளக்கிறது. வலைத்துணி மேற்பகுதி கொண்ட, விரைவில் உலரும் காலணியே இங்கே ஏற்றது.

அடிப்பாகத்தில் 4 மில்லிமீட்டர் அளவு பற்கள் போதும். அதைவிட முக்கியம், கூரானவை குத்தி ஏறாமல் தடுக்க அடிப்பாகத்துக்குள் வைக்கப்படும் கெட்டியான அடித்தகடு. காரணம் சீமைக் கருவேலம். அதன் முள் காய்ந்த பிறகும் ஆணிபோல் நிற்கும். மிருதுவான நுரை அடிப்பாகத்தில் அது நேராக இறங்கி உள்ளே முறிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலணிக்குள் விரலைவிட்டுத் தடவினாலும் தட்டுப்படாது. ஆனால் ஒவ்வொரு முறை பாதத்தை ஊன்றித் தள்ளும்போதும் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும். இரண்டு நாள்கள் காலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காலணியை வில்லாக வளைத்து, கட்டிங் பிளேயரால் பிடுங்கியபோது ஒன்றரை அங்குல முள் வந்தது. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் காலணியை வளைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெறும் காலில் முள் ஏறி முறிந்தால், தோண்டிப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி போட்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

காலணியை மாலையில் வாங்குங்கள். காலையைவிடப் பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் விரல் முட்டி நகம் கறுத்துவிடும்.

4. தொலைவை மறந்து நேரத்தைக் கணக்கிடுங்கள்

சாலையில் ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடுபவருக்கு மண்பாதையில் எட்டு நிமிடமும், கல்லும் ஏற்றமும் உள்ள இடத்தில் பன்னிரண்டு நிமிடமும் ஆகலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இன்று 10 கிலோமீட்டர்" என்று போகாமல் "இன்று 60 நிமிடம்" என்று போங்கள். வாரத்தில் ஒரு நாள் ஏரிக்கரை, ஒரு நாள் படிக்கட்டு, மற்ற இரண்டு நாள்கள் வழக்கமான சாலை ஓட்டம் என்று முதல் எட்டு வாரங்களை வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் எல்லோரும் நடப்பார்கள், முதலிடம் பெறுபவர் உட்பட. இறக்கத்தில் அடிகளைச் சிறிதாக்கி, மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்த்து ஓடுங்கள். காலடியைப் பார்த்து ஓடினால் கல்லைக் காணும்போது கால் அதன் மேல் ஏறியிருக்கும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது போன்ற எளிய பயிற்சி கணுக்காலுக்குச் செய்யும் நன்மையை எந்த விலையுயர்ந்த பட்டையும் செய்யாது.

5. பருவத்தையும் கடிகாரத்தையும் மதியுங்கள்

தொடங்குவதற்குச் சிறந்த காலம் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கரை உலர்ந்து, காற்று குளிர்ந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் கரையின் களிமண் காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடிவிடும், கரையும் சரியக்கூடும். அக்கினி நட்சத்திரத்தில் மண்பாதையைத் தொடங்க எண்ணாதீர்கள்.

சென்னையில் மே இறுதியில் சூரியன் ஏறத்தாழ 5:40 மணிக்கும், ஜனவரி இறுதியில் ஏறத்தாழ 6:35 மணிக்கும் எழுகிறது. கோடையில் ஐந்தே காலுக்கு ஓடத் தொடங்கினால் அரைமணி நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும், ஏழரைக்குள் முடித்துவிடலாம். ஜனவரியில் அதே நேரத்துக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில் ஓட வேண்டியிருக்கும், ஆகவே தலைவிளக்கு வேண்டும். கைப்பேசியின் விளக்கு போதாது. விழும்போது ஊன்ற இரண்டு கைகளும் வேண்டும்.

புறநகர் மின்தொடர்வண்டியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணை தனி, வண்டிகள் குறைவு. சனிக்கிழமை வந்த வண்டி ஞாயிறும் வரும் என்று நம்பி நடைமேடையில் நாற்பது நிமிடம் நின்றால், உங்கள் குளிர்ந்த நேரம் அங்கேயே போய்விடும்.

6. தண்ணீரும் உப்பும்

ஏரிக்கரையில் கடை கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இரண்டு அளவுகள் உண்டு: ஏறத்தாழ 21 கிராம் உள்ள பெரியது ஒரு லிட்டருக்கு, 4 கிராமை ஒட்டிய சிறியது 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டர் புட்டியில் கொட்டிக் கலக்குவதுதான் பொதுவான தவறு. நீர்மம் செறிவாகிக் குமட்டல் எடுக்கும். அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு விற்கப்படும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானப்படி தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து மருந்துக்கடையில் வாங்குங்கள். தின்பதற்குக் கடலைமிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும். நூறு ரூபாய்க்கு விற்கும், ஓடும்போது ஆற்றலுக்காக உறிஞ்சும் ஜெல் பொட்டலம் பந்தய நாளுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் அதையும் முன்கூட்டியே வயிறு ஏற்கிறதா என்று சோதியுங்கள்.

வியர்வை நின்றுபோவது, குளிர்வதுபோல் உடல் சிலிர்ப்பது, பேச்சுத் தடுமாறுவது ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடன் வருபவரிடம் இவற்றைக் கண்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, 108ஐ அழையுங்கள்.

7. நாய், பாம்பு, குட்டை

இவற்றில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போவது நாயைத்தான். துரத்தும் நாயிடமிருந்து ஓடாதீர்கள்; நின்று, நேராகத் திரும்பி, மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் அதன் எல்லையைக் கடந்ததும் விட்டுவிடும். கடித்துவிட்டால், கீறல் அளவே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி உண்டு. முதல் ஊசிக்குப் பிறகு நலமாக இருக்கிறதே என்று மற்ற தவணைகளை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் குறித்துத் தரும் எல்லா நாள்களிலும் போக வேண்டும்.

பாம்புகளில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்தில் பார்த்து வையுங்கள். கடிபட்டால் கயிறு கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கால் அசையாதபடி வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனையை அடைய வேண்டும். உங்கள் வழக்கமான பாதைக்கு அருகில் அந்த மருந்து எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக் கைப்பேசியில் குறித்துவையுங்கள். இதை நான் விசாரித்தபோதுதான், வீட்டுக்கு மிக அருகில் உள்ள மருத்துவமனையில் அது இல்லை என்று தெரியவந்தது.

கல்குவாரிக் குட்டைகளிலும், ஏரியில் மண் எடுத்த பள்ளங்களிலும் குளிக்க இறங்காதீர்கள். ஓடி முடித்த வியர்வையில் அந்தத் தண்ணீர் அழகாகத்தான் தெரியும். கரையிலிருந்து ஓரடியிலேயே ஆழம் இறங்கும்.

தனியாகப் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லி, நேரலை இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டுப் போங்கள். துணை தேடுபவர்களுக்குச் 'சென்னை ரன்னர்ஸ்' போன்ற ஓட்டக் குழுக்கள் பகுதிவாரியாக இயங்குகின்றன. அவற்றில் மண்பாதைக்கு வரும் நாலைந்து பேர் எப்படியும் இருப்பார்கள்.

8. செலவு

என் கணக்குப் புத்தகத்திலிருந்து தருகிறேன். தொடக்கநிலை ட்ரெயில் காலணி 4,500 ரூபாய், தண்ணீர்ப் புட்டிகளோடு கூடிய முதுகுப்பை 2,500, தலைவிளக்கு 900, காலுறை இரண்டு இணை 600, விசில், கட்டுத்துணி, கிருமிநாசினி முதலியவை 300. ஆக 8,800 ரூபாய். இதில் முதல் மூன்று மாதங்களுக்குக் காலணியும் காலுறையும் மட்டுமே தேவை, மற்றவற்றைத் தள்ளிப்போடலாம். பந்தயத்துக்கு நுழைவுக் கட்டணம் 2,500, மருத்துவரும் இ.சி.ஜி.யும் 500, பயணமும் அறையும் 2,700, ஆக 5,700. மொத்தம் 14,500 ரூபாய். வீணடித்த கணக்கு தனி: நீர்புகாக் காலணி 11,000, இன்றுவரை இரண்டே முறை விரித்த ஊன்றுகோல்கள் 3,200.

ஜி.பி.எஸ். கடிகாரம் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாதையின் தடம் பதிந்த ஜி.பி.எக்ஸ். கோப்பைக் கைப்பேசியில் இறக்கி, இணையமின்றி வரைபடம் திறக்கிறதா என்று வீட்டிலேயே பறப்பு நிலையில் (ஃபிளைட் மோடு) வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

9. முதல் மலை

எட்டுப் பத்து வாரங்கள் ஆனதும் ஒரு வார இறுதியில் ஏலகிரிக்குப் போங்கள். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை தொடர்வண்டி, அங்கிருந்து பேருந்து. 14 கொண்டைஊசி வளைவுகள். மேலே ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். சுவாமிமலை உச்சிக்கான பாதை 'ட்ரெக் தமிழ்நாடு' பட்டியலில் உள்ளது, ஆகவே அதற்கு முன்பதிவு வேண்டும். ஆனால் மேலே உள்ள சிற்றூர்களை இணைக்கும் சாலைகளிலும் நிலாவூர்ப் பக்கத்து வண்டிப்பாதைகளிலும் ஊர்மக்கள் நாள்தோறும் நடக்கிறார்கள், அவற்றில் ஓடலாம். தோட்டத்துக்குள் போகும் பாதை என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். காலை வணக்கம் சொல்லி வழி கேட்ட யாரையும் அங்கே திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. மாறாக, ஒரு பாட்டி என் முதுகுப்பையில் பலாச்சுளைகளை அடைத்துவிட்டு, எதற்காக இப்படி ஓடுகிறேன், யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டார்.

10. பந்தயத்துக்குப் பதிவு செய்வது

முதல் பந்தயத்துக்கு 10 முதல் 15 கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள். தொலைவைவிட மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதைப் பாருங்கள். 12 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏற்றம் என்பது, சாலையில் 21 கிலோமீட்டர் ஓடியவரையும் உட்காரவைக்கும். சிக்கமகளூருவின் காப்பித் தோட்டங்கள் வழியே நடக்கும் மல்நாடு அல்ட்ரா போன்ற நீண்ட பந்தயங்களை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே பதிவுக்குத் தயாராகுங்கள்; முன்பதிவுச் சலுகை முடிந்ததும் கட்டணம் கணிசமாக ஏறும், இடங்களும் நிரம்பும். கேட்கப்படுபவை பெரும்பாலும் இவை: அரசு அடையாள அட்டை, இரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், நீண்ட தொலைவு என்றால் முன்பு முடித்த பந்தயத்தின் நேரச் சான்று, எம்.பி.பி.எஸ். மருத்துவர் பதிவு எண்ணோடு கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று, விபத்துக்குப் பொறுப்பு ஏற்பாட்டாளர்களுடையது அல்ல என்று நீங்கள் எழுதித்தரும் உறுதிமொழி.

இதில் கால் இடறும் இடங்கள் சில. உடல்தகுதிச் சான்று பந்தயத்துக்கு முந்தைய குறிப்பிட்ட நாள்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். பதிவு செய்த அன்றே உற்சாகமாக வாங்கி வைத்தால் காலாவதியாகிவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இ.சி.ஜி. பார்க்காமல் பொறுப்புள்ள மருத்துவர் கையெழுத்திட மாட்டார், ஆகவே ஒரு வாரம் முன்பே போங்கள். கடைசி நாளில் போய் நின்றதால் எனக்கு ஒரு நாள் விடுப்பு போனது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் முதலெழுத்து உட்பட ஒன்றாக இருக்கட்டும். கட்டணம் திரும்பாது, பெயர் மாற்ற முடியாது என்ற விதி ஏறத்தாழ எல்லாப் பந்தயங்களிலும் உண்டு. உங்கள் தனிநபர் விபத்துக் காப்பீடு சாகச விளையாட்டை விலக்குகிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் படியுங்கள், என்னுடையது விலக்கியிருந்தது.

பிப் எனப்படும், மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை முந்தைய நாள் மாலைக்குள் நேரில், அசல் அடையாள அட்டையோடு வாங்க வேண்டியிருக்கும். காலை ஆறு மணிப் பந்தயத்துக்கு இரவுப் பேருந்து ஏறி நேரே போய்விடலாம் என்று திட்டமிட்டவர்கள் வாசலிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன். விசில், தலைவிளக்கு, குறிப்பிட்ட அளவு தண்ணீர் என்று கட்டாயப் பொருள்களைச் சோதிப்பார்கள். இடைநிலைகளில் கடக்க வேண்டிய நேர வரம்புகளை எழுதி, பிப்பின் பின்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள். வழிக்குறி நாடா நீண்ட நேரம் கண்ணில் படவில்லை என்றால் முன்னேறாதீர்கள். கடைசியாகப் பார்த்த நாடாவரை திரும்பி வாருங்கள்.

பாதியில் விலக நேர்ந்தால், அடுத்த நிலையத்தில் இருக்கும் தன்னார்வலரிடம் எண்ணைச் சொல்லிப் பட்டியலில் அடிக்கச் செய்துவிட்டு விலகுங்கள். என் முதல் முயற்சியில் கணுக்கால் பிசகி, ஒரு பால் வண்டியில் தொற்றி, தங்கியிருந்த அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டபோது, வெளியே நான்கு இளைஞர்கள் முழங்கால்வரை சேறோடு நின்றார்கள். என் எண்ணைக் கூவிக்கொண்டே அந்த மலையை அவர்கள் இரண்டு முறை சுற்றி வந்திருந்தார்கள்.